வாசகர் கேள்வி-பதில்: அடைமழையிலும் அணையாத சைக்கிள் லைட்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து சைக்கிள் விளக்கு பற்றிய கேள்விகளே அதிகம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். நவம்பர் நடுவில் சென்னையில் 5.40 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. ஆறு மணிக்கு வேலை விட்டுக் கிளம்புகிறவருக்கு இருட்டும் மழையும் சேர்ந்தே காத்திருக்கும்.

கேள்வி: பெட்டியில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த முன்விளக்கை வாங்கினேன். கீழே சின்னதாக ஐபிஎக்ஸ்4 என்றும் இருந்தது. இரண்டாவது மழைக்கே அணைந்துவிட்டது. 'உள்ளே தண்ணி போயிருக்கு, வாரண்டி கிடையாது' என்கிறார் கடைக்காரர். என்ன எண் பார்த்து வாங்க வேண்டும்?
*தனியார் நிறுவன ஊழியர், தாம்பரம்*

பதில்: 'வாட்டர்ப்ரூஃப்' என்பதை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம், அதை நம்ப வேண்டாம். கணக்கில் எடுக்க வேண்டியது ஐபி எண் மட்டும்தான். ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரநிர்ணயத்திலிருந்து வருவது அது. ஐபி-க்கு அடுத்த முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. முதல் இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ் நின்றால் தூசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

தண்ணீர் இலக்கம் 4 என்றால் எல்லாப் பக்கமிருந்தும் தெளிக்கும் தண்ணீரை ஐந்து, பத்து நிமிடம் தாங்கும். அவ்வளவுதான். 5 என்றால் 6.3 மில்லிமீட்டர் வாயுள்ள குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் பீய்ச்சியும் கெடவில்லை. 6 என்றால் வாய் 12.5 மில்லிமீட்டர், தண்ணீர் நிமிடத்துக்கு 100 லிட்டர். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கிக் கிடந்து பிழைத்தது. இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: 7 வாங்கிய விளக்குக்கு 5-ம் 6-ம் தானாக வந்துவிடாது. அசையாத தண்ணீரில் மூழ்குவது வேறு, பீய்ச்சியடிக்கும் தண்ணீர் வேறு. இரண்டிலும் தேறிய விளக்கில் ஐபிஎக்ஸ்6/ஐபிஎக்ஸ்7 என்று இரண்டையும் போடுவார்கள்.

உங்கள் விளக்கு செத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம்; பெட்டியில் எங்கும் அது எழுதியிருக்காது. மூழ்கடிக்கும் சோதனையில் தண்ணீரின் வெப்பமும் பொருளின் வெப்பமும் 5 டிகிரிக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது என்பது விதி. ரோட்டில் நடப்பது நேர்மாறு. முழு வெளிச்சத்தில் எரியும் விளக்கின் உடம்பு 55 டிகிரி வரைக்கும் சூடேறும். அதன்மேல் மழை கொட்டி 27 டிகிரிக்குக் குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அழுத்தம் எட்டரை சதவீதம் குறையும். கேட்கச் சின்னதாகத் தெரிந்தாலும், விளக்கை ஏறக்குறைய 85 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்ததற்குச் சமம் இது. அப்போது ரப்பர் மூடியின் ஓரத்தில் நிற்கும் ஒரு சொட்டு தானாக நுழைவதில்லை, விளக்கே அதை உறிஞ்சி இழுக்கிறது. வெறும் தெளிப்புக்குச் சோதித்த 4 இதற்குத் தாங்காது.

ஆகவே, தினமும் மழையில் போகிறவர் என்றால் முன்னும் பின்னும் ஐபிஎக்ஸ்6-க்குக் குறைந்து வாங்க வேண்டாம். 6-ம் 7-ம் சேர்ந்து கிடைத்தால் இன்னும் நல்லது. லுமென் (வெளிச்சத்தின் அளவு) எண்ணைப் பார்ப்பதற்கு முன் கடையிலேயே விளக்கைக் கையில் வாங்கி இவற்றைப் பாருங்கள். சார்ஜ் துளையின் ரப்பர் மூடி மேலோட்டமாக ஒட்டி நிற்கிறதா, உள்ளே நன்றாக அழுந்தி உட்காரும் தக்கை போல் இருக்கிறதா? பின்னதுதான் வேண்டும். மூடியை விளக்கோடு பிடித்திருக்கும் வால் வலுவாக இருக்கிறதா? நூல் மாதிரி மெலிந்த வால் ஆறு மாதத்தில் அறுந்துவிடும். ஹேண்டில்பாரில் மாட்டினால் துளை எந்தப் பக்கம் பார்க்கும்? கீழே பார்த்தால் நல்லது. மேலே பார்த்தால் தண்ணீர் தேங்கி நிற்கும்; எப்பேர்ப்பட்ட ரப்பரும் நாளடைவில் தோற்கும். பட்டனின் மேலுள்ள ரப்பர் தோல் தடிமனாக இருக்க வேண்டும். நகத்தால் அழுத்தி அழுத்தி அது கிழிவதுதான் தண்ணீர் புகும் இரண்டாவது வழி.

வாரண்டி விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். ஐபி எண்ணை அச்சிட்டு விற்ற பொருள் மழையில் கெட்டால் அது பொருளின் குறைதானே என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. பில்லையும் பெட்டியையும் பத்திரமாக வைத்துக்கொண்டு முதலில் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: மழையில் போய்விட்டு வந்தால் விளக்கின் கண்ணாடிக்குள் ஆவி படிகிறது. லைட் எரிகிறது, ஆனால் மங்கல். சிலர் அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?
*கல்லூரி மாணவி, வேளச்சேரி*

பதில்: அரிசி வேண்டாம். அது ஈரத்தை மெதுவாகத்தான் எடுக்கும். அதன் மாவுத்தூள் சார்ஜ் துளைக்குள் போய் ஈரத்தோடு களியாகிவிடும்.

முதலில் உள்ளே இருப்பது ஆவியா, தண்ணீரா என்று தெரிய வேண்டும். விளக்கை எரியவிட்டுப் பாருங்கள். மெல்லிய பனிப்படலம் பதினைந்து, இருபது நிமிடத்தில் தானாகக் கலைந்தால் உள்ளே அடைபட்ட காற்றின் ஈரப்பதம்தான், விளக்கு ஒழுகவில்லை. சொட்டுச் சொட்டாக ஒட்டியிருந்தாலோ, விளக்கைச் சாய்த்தால் அடியில் கோடு போல ஓடினாலோ அது ஒழுகல். உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜரில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

ஈரக்காற்று எப்படி உள்ளே போகிறது? சென்னை மழைக்கால வீட்டில் 30 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று 27 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் போதும், தண்ணீராக மாறத் தொடங்கும். ராத்திரி முழுக்க மூடியைத் திறந்து சார்ஜ் போட்டு, காலையில் மூடினால் அந்தக் காற்றை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டீர்கள். மழை பட்டதும் கண்ணாடியில் தெரிகிறது. இதற்குச் செலவில்லாத வழி, சார்ஜ் போடும் இடத்தை மாற்றுவது. ஏசி ஓடும் அறையில் காற்று உலர்ந்திருக்கும். அங்கே சார்ஜ் போட்டு, அங்கேயே மூடியை அழுத்திச் செருகிவிட்டு, அதன் பிறகு வெளியே எடுத்து வாருங்கள். கல்லூரி நூலகமோ ஆய்வகமோ இருந்தால் போதுமானது.

ஒழுகிய விளக்கைக் காய வைக்கும் முறை: வெளியே நன்றாகத் துடைத்து, துளை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் நாலைந்து முறை தட்டுங்கள். பேட்டரி தனியாகக் கழலும் என்றால் கழற்றிவிடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் 50 கிராம் சிலிக்கா ஜெல் போட்டு, ரப்பர் மூடியைத் திறந்தபடியே விளக்கை உள்ளே வைத்து மூடி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். செருப்புப் பெட்டியில் வரும் ஒற்றைப் பொட்டலம் இதற்குக் காணாது. நிறம் மாறும் ஆரஞ்சு வகையாக வாங்கினால், பச்சையானதும் ஈரம் ஏறிவிட்டது என்று தெரியும். 110 டிகிரி சூட்டில் ஓரிரு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். நீல வகையில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமையல் பாத்திரத்தில் அதைச் சூடாக்கவே கூடாது. ஹேர் டிரையரும் உச்சி வெயிலும் வேண்டாம். லித்தியம் பேட்டரிக்கு ஆகாது, கண்ணாடியை ஒட்டியிருக்கும் பசையும் விட்டுப்போகும்.

காய்ந்த பின்பும் அடுத்த மழையில் சொட்டு வந்தால், எங்கே ஒழுகுகிறது என்று பார்த்தாக வேண்டும். பெரும்பாலும் ரப்பர் மூடிதான். அது தடித்து, ஓரம் சுருண்டிருந்தால் மாற்று மூடி கிடைக்கிறதா என்று பாருங்கள். நல்ல நிறுவனங்கள் தனியாக விற்கின்றன. திருகித் திறக்கும் விளக்கில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இருக்கும். அதில் மணலோ முடியோ சிக்கியிருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிட்டு, கறுப்பு ரப்பர் என்றால் சிலிக்கான் கிரீஸை மினுமினுப்புத் தெரியும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். வாசலின் தடவும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. சில வகை ரப்பரை அது ஊத வைத்துவிடும்.

கேள்வி: எத்தனை லுமென் இருந்தால் மழையில் ரோடு தெரியும்? இணையத்தில் 10,000 லுமென் என்றெல்லாம் அறுநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே?
*வங்கி ஊழியர், மதுரை*

பதில்: அந்த 10,000 வெறும் அச்சு. நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 லுமென் தரும். 10,000 லுமென் வேண்டுமென்றால் 100 வாட் மின்சாரம் வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் விளக்கு அந்தச் சூட்டில் உருகிவிடும். பேட்டரியை வைத்தும் கணக்குப் போடலாம். பேட்டரியின் கொள்ளளவு 2000 எம்ஏஹெச் (மில்லி ஆம்பியர்-மணி), 3.7 வோல்ட் என்றால் 7.4 வாட்-மணி. 400 லுமெனுக்கு 4 வாட் ஆகும். ஆக, இரண்டு மணி நேரம்கூட வராது. 'பேட்டரி 2000 எம்ஏஹெச், 400 லுமென், 20 மணி நேரம்' என்று ஒரே பெட்டியில் போட்டிருந்தால், 20 மணி நேரம் என்பது ஆகக் குறைந்த வெளிச்சத்தில் மினுக்கும் கணக்கு.

தெருவிளக்கு உள்ள நகர ரோட்டுக்கு 200 லுமென், விளக்கில்லாத புறவழிச்சாலைக்கு 400 முதல் 600. இது காய்ந்த ரோட்டுக் கணக்கு. நனைந்த தார் ரோடு வெளிச்சத்தை உங்கள் பக்கம் திருப்பி அனுப்பாது, முன்னே தள்ளிவிடும். உங்களுக்கு ரோடு கறுப்பாகவே இருக்கும்; எதிரே வருகிறவருக்குக் கண் கூசும். எனவே மழைக்கென்று ஒரு மடங்கு கூடுதலாகக் கையிருப்பு இருக்கட்டும். ஆனால் எப்போதும் உச்சத்தில் எரிய விடாதீர்கள். 600 லுமென் விளக்கை 300-இல் ஓட்டினால் பேட்டரி நீடிக்கும், உடம்பு சூடேறாது, மேலே சொன்ன உறிஞ்சலும் குறையும்.

லுமெனைவிட முக்கியம், வெளிச்சம் எங்கே விழுகிறது என்பது. வட்டமாகப் பரப்பும் டார்ச் ரக விளக்கில் பாதி வெளிச்சம் மழைத்துளியில் பட்டுக் கண்முன் வெள்ளைத் திரையாக நிற்கும். மேல்பக்கம் வெட்டிய ஒளிக்கற்றை உள்ள விளக்காகத் தேடுங்கள். ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்து விதிக்கேற்பத் தயாரான விளக்குகள் இந்த ரகம், கார் முகப்பு விளக்கு போல மேலே கோடு போட்டு நிறுத்திவிடும். அந்த விதியில் நெடுநாள் இருந்த ஒரு கணக்கு எந்த விளக்குக்கும் உதவும். சுவருக்கு 5 மீட்டர் தள்ளிச் சைக்கிளை நிறுத்துங்கள். தரையிலிருந்து விளக்கு 90 சென்டிமீட்டர் உயரம் என்றால், ஒளியின் நடுப்பகுதி சுவரில் 45 சென்டிமீட்டரில் விழ வேண்டும். அதாவது பாதி உயரம். அப்படிச் சாய்த்தால் ஒளியின் மையம் பத்து மீட்டர் முன்னால் ரோட்டில் இறங்கும். மழையில் சைக்கிள் போகிற வேகத்துக்கு அது தாராளம். சரியான சாய்வு கிடைத்ததும் ஹேண்டில்பாரில் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பின்விளக்கு நிலையாக எரிய வேண்டுமா, மினுக்க வேண்டுமா?
*ஆசிரியர், கோயம்புத்தூர்*

பதில்: இரண்டும், இரண்டு விளக்காக. மினுக்குவது சட்டென்று கண்ணில் படும். ஆனால் எவ்வளவு தூரத்தில் போகிறீர்கள் என்று பின்னால் வருகிற லாரிக்காரருக்குப் பிடிபடாது, அதுவும் வைப்பர் அடிக்கிற கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது. நிலையாக எரிவது தூரத்தைச் சொல்லும். ஒன்று அணைந்தாலும் மற்றது இருக்கும் என்பது இன்னும் பெரிய லாபம். முன்விளக்கு அணைந்தால் உங்களுக்கு உடனே தெரியும். பின்விளக்கு அணைந்தால் வீடு போய்ச் சேரும்வரை தெரியாது. பகல் மூன்று மணிக்கு வானம் இருண்டு கொட்டினாலும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: என்னட்டை இருக்கிறது பழைய சயிக்கிள், டைனமோ லைற். மழை பெய்தால் டைனமோ வழுக்குது, லைற் மங்கிப் போகுது. பின் பல்ப் போனால் கொஞ்ச நாளிலை முன் பல்பும் போகுது. பற்றறி லைற்றுக்கு மாறுறதே நல்லதோ?
*தபால் ஊழியர், யாழ்ப்பாணம்*

பதில்: உடனே தூக்கிப் போட வேண்டாம். சார்ஜ் துளையே இல்லாத விளக்கு என்பதால் மழைக்கு டைனமோவில் பயப்பட ஒன்றுமில்லை. வழுக்கலைத் தீர்த்தால் போதும்.

வழுக்கலுக்கு மூன்று காரணம். முதலாவது, டைனமோ கோணலாக நிற்பது. அதன் நடு அச்சைக் கோடாக நீட்டினால் அது சக்கரத்தின் அச்சு மையத்தில் போய் முட்ட வேண்டும். நூல் பிடித்துப் பாருங்கள். விலகியிருந்தால் பிராக்கெட்டைத் தளர்த்தித் திருப்பி முறுக்குங்கள். கோணலாக நின்றால் டயரை உரசித் தின்னும், அதோடு வழுக்கும். இரண்டாவது, தேய்ந்த உருளை. உலோகப் பல் மழுங்கியிருந்தால் அதன்மேல் ரப்பர் தொப்பி மாட்டலாம். நனைந்த டயரில் வெறும் உலோகத்தைவிட நன்றாகப் பிடிக்கும். மூன்றாவது, டயரின் பக்கவாட்டில் சேறு. டைனமோவுக்கென்று பக்கவாட்டில் வரிவரியாகத் தடம் உள்ள டயர்கள் உண்டு. அடுத்த முறை டயர் மாற்றும்போது அதைக் கேளுங்கள்.

பல்ப் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதற்கும் கணக்கு இருக்கிறது. டைனமோ 6 வோல்ட், 3 வாட். முன் பல்ப் 2.4 வாட், பின் பல்ப் 0.6 வாட். வேகம் கூடினாலும் டைனமோ தள்ளும் மின்னோட்டம் கிட்டத்தட்ட அரை ஆம்பியரிலேயே நிற்கும், அதில் 0.4 முன்னுக்கு, 0.1 பின்னுக்கு. பின் பல்ப் போனதும் அதன் பங்கும் முன் பல்பின் தலையில் விழுகிறது. தாங்காமல் அதுவும் எரிந்துபோகும். ஆகவே ஒன்று போனால் அன்றே மாற்ற வேண்டும், வாட் மாறாமல்.

இதோடு, பழைய சைக்கிளில் ஒரு வயர்தான் இருக்கும். திரும்பும் மின்சாரம் சைக்கிள் சட்டம் வழியாகவே வரும். பிராக்கெட்டில் உள்ள கூரான திருகு பெயிண்டைக் குத்தி இரும்பைத் தொடுகிற இடம்தான் அதற்கு வழி. மழையில் அங்கே துரு ஏறினால் விளக்கு விட்டுவிட்டு எரியும், டைனமோதான் வழுக்குகிறது என்று நினைத்துக்கொள்வோம். இரண்டாவது வயர் ஒன்றை டைனமோ உடம்பிலிருந்து விளக்குக்கு நேராக இழுத்துவிட்டால் இந்தத் தொல்லை ஒழிந்தது.

செலவு செய்யலாம் என்றால் டைனமோவுக்கென்றே செய்த எல்இடி விளக்கு வாங்குங்கள். உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர் உள்ள ரகமாக இருந்தால் சந்தியில் நின்றாலும் சில நிமிடம் எரியும். டார்ச் எல்இடியை நேரே இணைக்காதீர்கள். டைனமோவில் வருவது மாறுதிசை மின்சாரம். சக்கரக் குடத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் டைனமோவில் வழுக்கல் என்ற பேச்சே இல்லை. ஆனால் முன் சக்கரத்தைப் புதிதாகக் கோர்க்க வேண்டியிருக்கும். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருட்டில் ஓட்டுகிறவருக்குத்தான் அது கட்டுப்படியாகும்.

கேள்வி: போர்வை மாதிரி விரியும் மழைக்கோட்டு போட்டால் முன்விளக்கும் மறைகிறது, பின்விளக்கும் மறைகிறது. எங்கேதான் மாட்டுவது?
*கணினி நிறுவன ஊழியர், மேடவாக்கம்*

பதில்: முன்விளக்கை ஹேண்டில்பாரிலிருந்து இறக்குங்கள். ஃபோர்க்கின் தலையில், மட்கார்டு போல்ட் போகிற துளையில் ஒரு பிராக்கெட் மாட்டி அதில் வைத்தால் கோட்டு மறைக்காது. கண்ணுக்கு நேர்கோட்டில் இல்லாததால் மழைத்துளி வெள்ளையாகத் தெரிவதும் குறையும். குழிகளின் நிழல் நீண்டு விழும் என்பதால் பள்ளமும் முன்கூட்டியே தெரியும். ஒரே குறை, சக்கரம் அள்ளும் சேறு. முன் மட்கார்டு இருந்தே ஆக வேண்டும்.

பின்விளக்குக்குச் சீட் கம்பி சரியான இடமில்லை. கோட்டு, பை, கேரியர் சாமான் என்று எதுவாவது மறைக்கும். கேரியரின் பின் நுனியில் தகடு வைத்து, போல்ட் போட்டு மாட்டுங்கள். கேரியர் இல்லையென்றால் மட்கார்டின் முதுகு. மட்கார்டு இல்லாத ஸ்போர்ட்ஸ் ரக சைக்கிளில் சக்கரம் வாரியிறைக்கும் சேற்றுத்தண்ணீர் முழுவதும் சீட்டுக்கடியில்தான் போய் அடிக்கும். பத்து நிமிடத்தில் விளக்கின் கண்ணாடியில் சேறு பூசிவிடும். உள்ளே எரிந்தாலும் வெளியே தெரியாது. மணல் கலந்த அந்தத் தண்ணீர்தான் ரப்பர் மூடியின் ஓரத்தில் புகுந்து அதை மூடவிடாமல் செய்வதும். ஐபி எண்ணில் ஒரு படி ஏறக் கொடுக்கும் பணத்தை மட்கார்டுக்குக் கொடுத்தால் பலன் அதிகம் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: சார்ஜ் ஏறவில்லை. துளைக்குள் பச்சையாகப் பூத்திருக்கிறது. கடலோரம் என்பதால் இப்படியா?
*மீன்வளத் துறை ஊழியர், நாகப்பட்டினம்*

பதில்: உப்புக்காற்று துணை போயிருக்கும், குற்றவாளி, ஈரத்தோடு சார்ஜ் போட்டது. துளைக்குள் உப்பும் ஈரமும் இருக்கும்போது 5 வோல்ட் பாய்ந்தால் செம்பு கரைந்து பச்சை உப்பாகப் படியும். ஓரிரு இரவு போதும்.

மொபைல் சர்வீஸ் உதிரிபாகக் கடையில் 'ஐபிஏ' என்று கேட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தருவார்கள். விளக்கை அணைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷின் நாலைந்து இழையை மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிட்டு, ஆல்கஹாலில் தொட்டுத் துளைக்குள் மெதுவாகத் தேயுங்கள். ஊசி, குண்டூசி வேண்டாம். நடுவில் உள்ள நாக்கு உடைந்தால் விளக்கு போச்சு. அரை மணி காயவிட்டு மறுபடி ஒருமுறை. நாக்கின் பொன்னிறக் கோடுகள் தெரிந்தால் பிழைத்தது. கோடே அரித்துப்போயிருந்தால், செல்போன் பழுது பார்ப்பவர் துளையை மாற்றித் தருவார், விளக்கைப் பிரிக்க முடிந்தால். இனிமேல் மழையிலிருந்து வந்ததும் மூடியைத் திறக்காதீர்கள். வெளியே துடைத்து, ஃபேன் காற்றில் இரண்டு மணி நேரம் வைத்து, பிறகு திறந்து, துளை உலர்ந்திருக்கிறது என்று பார்த்த பின்பே ஒயர் செருகுங்கள்.

கேள்வி: காலை நாலரைக்குப் பேப்பர் போடக் கிளம்புகிறேன். ஆயிரம், இரண்டாயிரம் கொடுத்து விளக்கு வாங்க முடியாது. மலிவாக என்ன செய்யலாம்?
*நாளிதழ் முகவர், கும்பகோணம்*

பதில்: சார்ஜ் ரகத்தை விட்டுவிட்டு, ஏஏஏ பேட்டரி போடும் விளக்காக வாங்குங்கள். மலிவு விலையில் சார்ஜ் துளையைச் சரியாக மூடும் விளக்கு அரிது. பேட்டரிப் பெட்டியை நீங்களே மூடிக்கொள்ளலாம். பஞ்சர் கடையில் பழைய டியூப் வாங்கி, விளக்கின் சுற்றளவைவிடச் சிறிதான சுற்றளவுள்ள டியூபிலிருந்து மூன்று சென்டிமீட்டர் வளையமாக வெட்டுங்கள். பேட்டரி மூடி சேரும் கோடு மறையும்படி இழுத்து மாட்டுங்கள். பட்டனுக்கு மேலே வந்தாலும் பரவாயில்லை, ரப்பரோடு சேர்த்து அழுத்தலாம். அடியில் மட்டும் ஒரு இடத்தில் விட்டுவையுங்கள், புகுந்த தண்ணீர் வெளியேற. சூடேறாத சின்ன விளக்குக்கு மட்டும் இந்த வேலை. 400 லுமென் விளக்கைப் போர்த்தக் கூடாது.

மூடியது சரியா என்று பார்க்க: பேட்டரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டிஷ்யூ காகிதத்தை மடித்து வையுங்கள். மூடி, வளையம் மாட்டி, குழாயடியில் ஐந்து நிமிடம் திருப்பித் திருப்பிக் காட்டுங்கள். திறந்து பார்த்தால் காகிதம் நனைந்திருக்கும் மூலையே ஒழுகும் இடம்.

மழைக்காலம் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். உள்ளேயே விட்டால் ஆல்கலைன் பேட்டரி கசிந்து ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூக்கும். அது காரம் என்பதால் எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்தால் போகும்; பிறகு ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். கைக்கு உறையோ பாலிதீன் பையோ மாட்டிக்கொண்டு செய்வது நல்லது.

கேள்வி: எங்கள் ஊரில் மழையைவிட மூடுபனிதான் பிரச்சினை. அதற்கும் இதே விளக்கு போதுமா?
*தோட்டத் தொழிலாளர், குன்னூர்*

பதில்: போதும், ஆனால் வெளிச்சத்தைக் கூட்டாமல் குறைக்க வேண்டும். பனிக்குள் 600 லுமென் அடித்தால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். 100, 150-க்கு இறக்கி, ஃபோர்க்கில் தாழ்வாக மாட்டி, மையம் ஐந்தாறு மீட்டரில் விழும்படி சாய்த்துவிடுங்கள். பின்பக்கம் நேர்மாறு. பகலானாலும் உள்ளதில் அதிக வெளிச்சத்தை நிலையாக எரியவிடுங்கள், கொண்டை ஊசி வளைவுகளில் குறிப்பாக.

கேள்வி: ஜனவரிக்குப் பிறகு எனக்கு விளக்கு தேவைப்படாது. அடுத்த ஐப்பசியில் எடுத்தால் பேட்டரி செத்துக் கிடக்கிறது. ஏன்?
*ஓய்வு பெற்ற அரசு ஊழியர், கடலூர்*

பதில்: முழுக்கத் தீர்ந்த நிலையில் உள்ளே வைத்திருப்பீர்கள். லித்தியம் பேட்டரி சும்மா இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், 2.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் பாதுகாப்புச் சுற்று சார்ஜ் ஏறவிடாது. முழுக்க நிரப்பி வைப்பதும் சரியில்லை, கோடை வெப்பத்தில் அதன் கொள்ளளவு சீக்கிரம் குறையும். பாதியளவு சார்ஜில், நிழலான அலமாரியில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து அரை மணி சார்ஜ் போடுங்கள். ரப்பர் பட்டையையும் சைக்கிளிலிருந்து கழற்றிவிடுங்கள். வெயிலில் வெடித்த பட்டை முதல் மழையன்று பள்ளத்தில் இறங்கும்போது அறுந்து, விளக்கை ரோட்டில் போட்டுவிடும்.